வீசகணிதம் முதல் எங்கள் கரும்பலகை வரை

1990களின் நடுப்பகுதியில் சாதாரண தரம் எழுதிய எங்களுக்கு, மட்டக்களப்பு வாவிக்கரை இரவுகள் என்றால் ஊரடங்கும் குப்பி விளக்கும்தான். அந்த வெளிச்சத்தில் காரணிப்படுத்தல் படித்தோம்.

தமிழில் இந்தக் கணிதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற சுதுமலை கறல் விசுவநாதபிள்ளை, 1855இல் 'வீசகணிதம்' என்ற நூலை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளுள் ஒருவர் அவர். நாங்கள் அதையே அட்சரகணிதம் என்று படித்தோம். தமிழகத்தில் இயற்கணிதம் என்பர்.

இரு வர்க்கங்களின் வித்தியாசம் எப்போதும் உடையும். இரு கனங்களின் கூட்டுத்தொகையும் உடையும்: 5³ + 2³ = 133. ஐந்தும் இரண்டும் கூட்டினால் 7; 25 − 10 + 4 = 19; 7 × 19 = 133. இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு மட்டும் அப்படியொரு சூத்திரம் இல்லை. அப்படியானால் நான்காம் வலுக்களின் கூட்டுத்தொகையும் உடையாது என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம்.

"ஏலாதெண்டு ஆரு சொன்ன புள்ள?" என்று கேட்ட ரீச்சர், பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கணக்கை எழுதினார்: 5⁴ + 4 × 2⁴ = 689. அதனுடன் 400ஐக் கூட்டினால் 1089, அதாவது 33². கூட்டிய 400ஐத் திரும்பக் கழிக்க வேண்டும், அது 20². இப்போது அது வர்க்கங்களின் வித்தியாசம்: 33 + 20 = 53, 33 − 20 = 13. 53 × 13 = 689!

இந்தச் சர்வசமன்பாடு பிரான்சியப் பெண் சோபி ஜெர்மேனின் (1776–1831) பெயரால் வழங்குகிறது. பாரிசின் எக்கோல் பொலிரெக்னிக்கில் பெண்களுக்கு அன்று இடமில்லை. விரிவுரைக் குறிப்புகளைப் பெற்று வீட்டிலிருந்து படித்தவர், லெபிளாங் என்ற ஆணின் பெயரில் லக்ராஞ்சுக்குத் தம் ஆக்கத்தை அனுப்பினார். ரீச்சர் அதைச் சொன்ன மாலை வகுப்பில் சத்தமே இல்லை. இடம்பெயர்ந்து வந்து, படிப்பை நிறுத்த இருந்த தோழியும் எங்களுள் இருந்தாள். அவள் நிறுத்தவில்லை.

இன்று எங்களுள் வைத்தியர்களும் கணித ஆசிரியைகளும் உள்ளனர். பெயரை மறைக்காமல் படித்தோம்; அதுவும் தமிழில் படித்தோம். எங்கிருந்தாலும், "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் பிள்ளையோடு ஒரு மாலை இருந்து இந்த 689ஐ உடைத்துக் காட்டுங்கள், சகோதரிகளே.