அயர்லாந்தின் சோடாப் பாண்: நான்கு பொருட்களின் வரலாறு

உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளாகிய எம்மில் பலர், லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் கடைகளில் ‘ஐரிஷ் சோடாப் பாண்’ என்ற பெயரைக் கண்டிருப்போம். எடுத்துப் பார்த்தால் சீனி, முட்டை, பட்டர், உலர்ந்த திராட்சை எனப் பலவும் அதில் கலந்திருக்கும். சுவையாகவே இருக்கும். ஆனால் அயர்லாந்தின் கிராமத்து அடுப்படிகளில் நாளாந்தம் சுடப்பட்ட பாண் அதுவல்ல. அதற்கு வேண்டியவை கோதுமை மா, அப்பச்சோடா, உப்பு, மோர் ஆகிய நான்கு மட்டுமே.

இந்த எளிமைக்குக் காரணம் உண்டு. குளிரும் ஈரமும் மிகுந்த அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது. அதில் பசைத்தன்மை தரும் புரதம் குறைவு. ஈஸ்ற் இட்டு நெடுநேரம் பொங்கவைக்கும் பாணுக்கு அந்த மா அவ்வளவாகப் பொருந்தாது. அப்பச்சோடாவோ மோரிலுள்ள புளிப்புடன் சேர்ந்தவுடனேயே வாயுவை வெளிவிட்டு மாவை உப்பச் செய்யும். அதனால் பிசைந்து அடிக்கத் தேவையில்லை. மெல்லச் சேர்த்து உடனே சுட்டுவிட வேண்டும். தாமதித்தால் வாயு போய்ப் பாண் கட்டியாகிவிடும்.

சமையற்சோடா அயர்லாந்தில் பரவியது 1830களில்தான். ஆகவே இது ஆதிகாலத்து உணவன்று. காரப்பொருளிட்டு மாவை உப்பவைக்கும் முறை அமெரிக்காவில் அதற்கு முன்னரே இருந்தது; 1796இல் அங்கு வெளியான அமேலியா சிம்மன்ஸின் சமையல் நூலில் அது காணப்படுகிறது. எனினும் அதை நாளாந்த உணவாக்கியவர்கள் அயர்லாந்துப் பெண்களே. பெரும்பாலான குடிசைகளில் போறணை இருக்கவில்லை. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீற் கட்டிகளை எரித்து, மூடியுள்ள இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்பிச் சுட்டார்கள். அப்பச்சட்டி மூடியில் தணல் போட்ட எங்கள் அம்மம்மாமாருக்கு இது புதுமையாக இருந்திராது.

மோர் சேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோர்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை உலகப் புகழ் பெற்றிருந்தது. கடைந்த வெண்ணெய் விற்பனைக்குப் போனது. மோர் வீட்டில் மிஞ்சியது. மிஞ்சியதைக் கொண்டு குடும்பத்தின் பசியாற்றிய பெண்களின் கைவண்ணமே இந்தப் பாண்.

பாணின் மேல் கத்தியால் கீறும் சிலுவையை ஆசீர்வாதம் என்பர் சிலர். தேவதைகளை வெளியேற்ற என்பர் வேறு சிலர். அதற்கு நடைமுறைப் பயனும் உண்டு: நடுப்பகுதிவரை சூடு சென்று நன்கு வேகும், நாலாகப் பிய்த்துப் பகிரவும் இலகு. வடபகுதியிலோ மாவை வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, தட்டைக் கல்லில் இருபுறமும் வாட்டி எடுப்பார்கள்.

1845இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். போன இடத்தில் சீனியும் முட்டையும் திராட்சையும் கைக்கெட்டின. அமெரிக்காவில் பாண் இனிப்பாகியது, கேக்கை ஒத்தது. அதைப் பிழையென்று நாம் சொல்லமாட்டோம்; புலம்பெயர்ந்தவர்களின் சமையல் மாறுவது எமக்கும் தெரிந்ததே. ஆனால் மாறியதையே மூலமென்று நம்பும்போது, வறுமையிலும் வழிகண்ட அந்தப் பெண்களின் கதை மறைந்துவிடுகிறது.

எனவே உண்மையான சோடாப் பாணைத் தேடும் சகோதரிகள் பெயரைப் பாராமல், பொதியிலுள்ள பொருட்பட்டியலை வாசியுங்கள். அல்லது வீட்டிலேயே சுடுங்கள். நாலு பொருளும் எங்கள் குசினிகளில் உள்ளவையே. அத்துடன், அம்மாவும் அம்மம்மாவும் கைக்கணக்கில் செய்தவற்றையும் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். இன்னுமொரு நூற்றாண்டின் பின் இதுபோன்றதொரு மலரைத் தொகுக்கப்போகும் மாணவிகளுக்கு அவை தேவைப்படும்.