அணைத்த பின்னும் ஒளிர்ந்த விளக்கு



சென்னையில் 1960-களில் எழுந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் வசித்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் வீட்டின் பின்னறையில் இருந்த பழைய குண்டு விளக்கை அகற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்தினேன். அன்றிரவு ஸ்விட்சை அணைத்த பின்னும் அவ்விளக்கு மின்மினி போல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. என் பேரன் அதற்குப் 'பேய் விளக்கு' என்று பெயர் சூட்டினான். கடைக்காரர் விளக்கில்தான் குறை என்று வேறொன்று கொடுத்தார். அதுவும் அவ்வாறே ஒளிர்ந்தது.

மறுநாள் வந்த வயர்மேன் ஸ்விட்சை அணைத்து, விளக்கைக் கழற்றி, ஹோல்டரின் ஒரு முனையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. "ஐயா, இங்கே ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது" என்றார்.

அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. வீட்டுக்குள் வரும் இரண்டு கம்பிகளுள் பேஸ் என்பது நிலத்தைக் காட்டிலும் 230 வோல்ட் அழுத்தம் உடையது. நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டது. ஸ்விட்ச் பேஸில் இருந்தால், அதனை அணைத்ததும் ஹோல்டர் உயிரற்றுப் போகும். நியூட்ரலில் இருந்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். ஆயினும் ஹோல்டரில் பேஸ் காத்துக்கொண்டிருக்கும். "ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பல்பைத் தொடு" என்று முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தவன் நான். அவ்வறிவுரை என் வீட்டுப் பின்னறையில் ஒருவனைக் கொன்றிருக்கக் கூடும்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? இதனை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வட இங்கிலாந்தில் கிராக்சைடு என்னும் மாளிகையில் வில்லியம் ஆர்ம்ஸ்டிராங் என்ற பொறியியல் அறிஞர் வாழ்ந்தார். 1880-ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்வான் செய்த இழை விளக்குகளை அவர் தம் இல்லத்தில் ஏற்றினார். மின்சாரம் நீர்விசையிலிருந்து கிடைத்தது. அவருடைய நூலக அறை விளக்குகள் சில, எனாமல் பூசிய செப்புச் சாடிகளின் மேல் அமைந்திருந்தன. சாடியின் அடியில் பாதரசம் நிறைந்த சிறு கிண்ணம் உண்டு. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும். மீண்டும் வைத்தால் எரியும். திரும்பிச் செல்லும் மின்னோட்டத்துக்கு அச்செப்புச் சாடியின் உடலே வழியாயிற்று! இன்று கேட்டால் நம் மெய் சிலிர்க்கிறது. எந்தக் கம்பியை வெட்டுவது என்ற வினா அக்காலத்தில் எவர் மனத்திலும் பெரிதாக எழவில்லை.

1882-இல் லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம் மின்விளக்குகளால் தீ நேராமல் தடுக்க விதிகள் வகுத்தது. 1884-இல் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ், சட்டென்று துண்டிக்கும் ஸ்விட்சைப் படைத்தார். மெல்லத் துண்டித்தால் இரு உலோக முனைகளுக்கிடையே தீப்பொறி நீண்டு அவற்றைக் கருக்கிவிடும், அக்குறை தீர்ந்தது. இவ்வாறு அன்றையோர் அஞ்சியது முதன்மையாகத் தீயையே.

தொடக்க கால அமைப்புகள் பலவற்றில் இரு கம்பிகளும் நிலத்தோடு தொடர்பற்றிருந்தன. அங்கே எந்தக் கம்பியில் ஸ்விட்ச் வைத்தாலும் வேறுபாடு சிறிதே. பின்னர் மின்மாற்றிகள் பெருகின. அவற்றினுள் உயரழுத்தம் பழுதினால் வீட்டுக் கம்பியில் பாயுமானால் பெருந்தீங்கு விளையும். ஆகவே ஒரு கம்பியை நிலத்தோடு பிணைப்பது வழக்கமாயிற்று. அமெரிக்க விதித்தொகுப்பு 1913-இல் அதனைக் கட்டாயமாக்கிற்று. அன்று முதல் இரண்டு கம்பிகளும் உடன்பிறந்தவை அல்ல. ஒன்று தீங்கற்றது, மற்றொன்று கொல்வது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நிலத்தோடு பிணைத்த நியூட்ரலில் தனி ஸ்விட்சோ பியூஸோ வைக்கலாகாது என்று கூறின. 2010-இல் அவ்விதிகளின் இடத்தை வேறு விதிகள் பெற்றன. கொள்கை மாறவில்லை.

விதி இருக்கவும் என் வீட்டில் பிழை எப்படி நுழைந்தது? மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வயர்மேன் கூரையருகில் இருந்த வட்ட மரக்கட்டையைக் கழற்றினார். தேக்கு ரீப்பரின் மேல் கிளிப் அடித்துச் சென்ற பழைய ரப்பர் கம்பிகள் அங்கே வந்து முடிந்தன. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பர். கந்தகம் செம்பை அரிக்கும். ஆதலால் அக்காலச் செப்புக் கம்பிகளுக்கு வெள்ளீயம் பூசியிருப்பர். ரப்பரோ ஆண்டுகள் செல்லச் செல்ல, குண்டு விளக்கின் வெப்பமும் சேர, காய்ந்த சுள்ளி போல் நொறுங்கும். மேலிருந்த நூற்பின்னல் கறுத்துப் போயிற்று. சிவப்பு எது, கறுப்பு எது என்று காண இயலவில்லை. பின்னாளில் அவ்வறையைத் திருத்திய ஒருவர், கறுத்த இரு கம்பிகளோடு ஒரே நிறமுடைய இரண்டு பி.வி.சி. கம்பிகளை முறுக்கி நாடா சுற்றியிருக்கிறார். எது பேஸ் என்று சோதிக்கவில்லை. ஊகித்தார், ஊகம் தவறியது.

நிறம் என்பதும் ஒரு காலத்தின் உடன்பாடே. நம் நாட்டில் கறுப்பு நியூட்ரலைக் குறிக்கும். அமெரிக்காவில் அதுவே பேஸ். பிரிட்டனில் நெடுங்காலம் நியூட்ரலாக இருந்த கறுப்பு, 2004-இல் வந்த மாற்றத்தால் மும்முனை அமைப்பில் ஒரு பேஸின் நிறமாயிற்று!

பிழை இத்தனை ஆண்டுகள் ஊமையாய்க் கிடந்ததேன்? சுவரோரம் ஓடும் கம்பியும் நிலமும் ஒரு சிறு மின்தேக்கி போல் இயங்கும். அதன் வழியே மிகச் சிறிய ஓட்டம் விளக்கைக் கடந்து செல்லும். டங்ஸ்டன் இழைக்கு அது போதாது, எல்.இ.டி.க்குப் போதும். ஆயினும் மங்கலாக ஒளிரும் விளக்கெல்லாம் இப்பிழைக்குச் சான்றென்று கொள்ளற்க. அருகருகே நெடுந்தூரம் ஓடும் கம்பிகளாலும் சுவரின் ஈரத்தாலும் அது நேரலாம். டெஸ்டரையும் முழுவதும் நம்புதல் ஆகாது. நியூட்ரல் எங்கேனும் அறுந்திருந்தால், விளக்கின் வழியே வரும் பேஸ் இரு முனைகளிலும் டெஸ்டரை எரியச் செய்யும். அனுபவமில்லாதவர் திகைத்துப் போவர்.

வயர்மேன் நொறுங்கிய ரப்பர் கம்பிகளை நீக்கிப் புதிய கம்பி இழுத்தார். பேஸை ஸ்விட்ச் வழியே கொண்டுவந்தார். அன்றிரவு பின்னறை முற்றிலும் இருண்டது. பேரனுக்கு ஏமாற்றம். எனக்கோ வேறொரு நினைவு வந்தது: பக்கத்து வீட்டின் பின்னறையும் அதே காலத்தில் அதே கையால் திருத்தப்பட்டதாகக் கேள்வி. மறுநாட் காலை டெஸ்டரோடு வயர்மேனையும் அழைத்துக்கொண்டு போய், அவ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.