நீரிழிவின் பழங்கதையும் புதுக்கதையும்

மதுரைக் கீழமாசி வீதியில் தானியக் கடை நடத்தியவர் என் பாட்டனார். அவருடைய நோயை முதன்முதலில் கண்டுபிடித்தவை எறும்புகளே. வைத்தியர் பின்னர்தான் வந்தார். கொல்லைப்புறத்தில் அவர் சிறுநீர் கழிக்கும் மூலையில் எறும்புகள் சாரைசாரையாக மொய்ப்பதைப் பாட்டியார் கண்டு கலங்கினார். 1950-களின் நடுப்பகுதி அது, நான் சிறுவன்.

பாட்டியார் வைத்திய நூல் எதுவும் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட அடையாளம் மிகப் பழமையானது. பண்டை ஆயுர்வேத நூலாசிரியர்களாகிய சரகரும் சுசுருதரும் தேன்போல் இனிக்கும் நீர் கழியும் நோயை மதுமேகம் என்றனர். எறும்பு மொய்ப்பதையும் பண்டை வைத்தியர் குறித்துவைத்தனர். பிறவியிலேயே தொற்றி உடல் மெலிவிப்பது ஒன்று, உணவாலும் சோம்பலாலும் வந்து உடல் பெருத்தவரைப் பற்றுவது ஒன்று என இருவகை கண்டனர். செருப்பும் குடையும் இன்றி நூறு யோசனை தூரம் நடக்கும்படியும், கிணறு வெட்டும்படியும் நோயாளிக்குச் சுசுருதம் விதிப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருந்தைவிட உழைப்பை அந்நூல் நம்பியிருக்கிறது. நம் சித்த மருத்துவரோ ஆவாரையைப் போற்றினர். மதுரையைச் சுற்றிய வறண்ட மேட்டு நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அச்செடியின் குடிநீரைப் பாட்டனாரும் நாள்தோறும் அருந்தினார்.

மேல்நாட்டில் 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்பவர் இந்நோயாளரின் சிறுநீர் இனிப்பதை எழுதினார்; அது சர்க்கரையே என 1776-இல் மாத்யூ டாப்சன் காட்டினார்.

எறும்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அது பிந்தி வரும் சாட்சி. ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீரகம் வீணாக்குவதில்லை. வடிகட்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது தோற்று, சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. வழியும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. ஓயாத தாகத்துக்கும் இரவில் பலமுறை எழுவதற்கும் காரணம் இதுவே. ஆனால் வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்ற அளவிலேயே நோய் உண்டென்று இன்றைய மருத்துவம் கணிக்கிறது. எறும்பு வருமுன் எத்தனையோ ஆண்டுகள் நோய் ஓசையின்றி உடலில் குடியிருக்கக்கூடும். அவ்வாண்டுகளில் வலியில்லை, மனிதன் கடைக்குப் போகிறான், வருகிறான்.

இனி, தீவுகளின் கதை. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதில் தீவுகள்போல் சிதறிக் கிடந்த அணுக்கூட்டங்களைக் கண்டார். அவற்றின் வேலை அவருக்குத் தெரியவில்லை. 1889-இல் மெரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய்க்கு நீரிழிவு கண்டது. ரத்தத்தில் கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்பை ஏவும் இத்தகைய சுரப்புகளுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார். தூண்டுதல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்ற பெயர் பிறந்தது.

1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மக்லியாட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அச்சுரப்பைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள், எலும்பும் தோலுமாய்க் கிடந்த லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது பெரும்பயன் தரவில்லை. காலிப் என்ற வேதியியலார் மருந்தை மேலும் தூய்மை செய்து கொடுத்தார். 23-ஆம் நாள் மீண்டும் போட்டனர். சிறுவன் தேறினான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன் இத்தகைய சிறுவர்க்கு மருத்துவம் அளித்ததெல்லாம் கடும்பட்டினி ஒன்றே. பான்டிங் தம் பெயரைக் காப்புரிமையில் சேர்க்க முதலில் மறுத்தார். உரிமையாளர்கள் அவ்வுரிமையைப் பெயரளவுக்கு ஒவ்வொரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

இவ்வளவு அரிய மருந்தைத்தான் என் பாட்டனார் வேண்டாமென்றார். "ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஐயா" என்று வைத்தியர் சொன்னபோது, "ஊசி கடைசிப் படுக்கைக்காரனுக்கு, நான் இன்னும் கடைக்குப் போகிறவன்" என்று விடையிறுத்தார். அந்த அச்சம் ஒருவாறு விளங்கக்கூடியதே. காலங்கடந்த பின்னரே பலருக்கு ஊசி போடப்பட்டது. அவர்கள் இறந்தபோது பழி ஊசியின்மேல் விழுந்தது. இன்றும் இந்நோய்க்கு மருத்துவரிடம் செல்வோர் பலர் கேட்கும் முதற்கேள்வி இதுவாகவே இருக்கிறது.

பாட்டனார் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார்; அதில் பெருமையும் கொண்டார். ஆனால் மதியம் இலையில் சோறு குன்றுபோல் குவிந்தது. சோறும் உடலுள் சர்க்கரையாகவே மாறும் என்பதை அவர் ஏற்கவில்லை. அரிசி வணிகர் எப்படி ஏற்பார்!

இவ்விடத்தில் நம் மதுரைச் சமவெளியின் வரலாறும் வந்து சேர்கிறது. மேலூர்ப் பக்கத்து நிலங்கள் ஒருகாலத்தில் மழையையும் கண்மாயையும் நம்பியிருந்தவை. கம்பும் கேழ்வரகும் சோளமும் எளியோர் உணவு. நெல்லுச்சோறு பலருக்குத் திருநாள் பண்டம். 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைப் படுகைக்கு வந்தது. வயல்கள் பெருகின; அரிசி ஆலைகள் எழுந்தன; தவிடு நீங்கிய வெள்ளையரிசி வீடுதோறும் நுழைந்தது. பஞ்சத்தை வென்ற அந்நீரைக் குறைகூற நான் துணியேன். அரிசி ஒன்றே நோய்க்கு வித்தென்பதும் பிழை. குடும்பவழி உண்டு, நடை குறைந்ததும் உண்டு. ஏற்றம் இறைத்தவன் உண்ட அளவையே கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்தவனும் உண்டதுதான் கேடு.

பணக்காரர் நோய் என்று ஒதுக்கப்பட்டிருந்த இதற்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் தனிப்பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். 1954-இல் ராயபுரத்தில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையும் நிறுவினார். மதுரை மருத்துவக் கல்லூரி பிறந்ததும் அவ்வாண்டில்தான். இன்று இது பணக்காரரை மட்டும் நாடுவதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கும் சற்று அதிகம்.

நோய் தன் வேலையை நுண்ணிய ரத்தக்குழாய்களில் செய்கிறது: சிறுநீரகத்திலும், பாதத்து நரம்புகளிலும், விழித்திரையிலும். பாட்டனாரின் கால்விரலில் கோணிப்பையின் ஊசி குத்தியது அவருக்குத் தெரியவேயில்லை. புண் ஆறாமல் அவ்விரலை எடுக்க நேர்ந்தது. பின்னர்க் கண் மங்கியது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு, 11 படுக்கைகள் கொண்டு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அம்மருத்துவமனையார் ஊரூராகச் சென்று விழித்திரையையும் சோதிக்கலாயினர். வேளையில் கண்டால் லேசர் ஒளியால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். பார்வை நன்றாயிருக்கும்போதே சோதிக்க வேண்டும் என்பதுதான் மக்களுக்கு விளங்க வைப்பதற்கு அரிதாயிருக்கிறது.

பாட்டனார் காலத்தில் அச்சோதனையை எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்படவில்லை. கடைசி ஆண்டுகளில் பேரேட்டை நான் உரக்கப் படிப்பேன். அவர் மடியிலுள்ள நெல்லை விரலால் தடவி, அது எந்த ஊர் நெல் என்று சொல்வார். ஊரைத் தவறாகச் சொன்னதில்லை. பற்றுவரவை மட்டும் நான் இரண்டு முறை படிக்க வேண்டும்.