இடிந்ததும் இடித்ததும்: சீரங்கப்பட்டணத்தின் அரைநாள் வரலாறு

சொகுசுக் கப்பல்களில் வரும் பயணிகளுக்குக் கரைச் சுற்றுலா என்றொரு ஏற்பாடு உண்டு. கப்பல் காலையில் துறைமுகத்தை அடையும்; மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, அருகிலுள்ள தொன்மைச் சின்னங்களைக் காட்டித் திரும்ப அழைத்து வருவார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்குவோருக்கு மாமல்லபுரம். மங்களூரில் இறங்குவோருக்கு மூடபித்ரியின் ஆயிரங்கால் சமணக் கோயிலும் கார்க்களத்தின் கோமடேசுவரர் சிலையும். எதை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தின் வரலாறன்று, கப்பல் புறப்படும் நேரம்.

இந்த முறை கடற்கரையோடு நின்றுவிடவில்லை. ஹம்பியின் கல்தேரை நினைவூட்டும் பெயருடன் 2008இல் ஓடத் தொடங்கிய ‘கோல்டன் சாரியட்’ சொகுசு ரயில் இதே ஏற்பாட்டைத் தண்டவாளத்தில் ஏற்றியது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே மைசூருவுக்கு வருவோர், தமிழ்நாட்டுப் பள்ளிச் சுற்றுலா மாணவர்கள் உட்பட, ஒரே நாளில் அரண்மனை, சாமுண்டி மலை, உயிரியல் பூங்கா, பிருந்தாவனம் ஆகியவற்றோடு சீரங்கப்பட்டணத்தையும் பார்த்துவிடுகின்றனர். அந்தத் தீவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைநாள். சில வேளைகளில் அதுவும் இல்லை. அந்த அரைநாளில் சொல்லப்படும் வரலாறு எங்கிருந்து வந்தது, யார் வகுத்த பாதையில் அது நடக்கிறது என்பவை விரிவாக ஆராயத் தக்கவை.

சீரங்கப்பட்டணம் காவிரியின் நடுவே அமைந்த தீவு. வைணவ மரபில் அதற்கு ஆதிரங்கம் என்று பெயர். சிவனசமுத்திரம் மத்தியரங்கம், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவரங்கம் அந்திமரங்கம். மூன்றும் ஒரே ஆற்றின் தீவுகள். மூன்றிலும் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். இந்தப் பயணத்துக்கு ஆறே வழிகாட்டி. அடியவர் ஆதிரங்கத்தில் தொழுது, ஆறு இறங்கும் திசையிலேயே நடந்தால் திருவரங்கத்தை அடைவார். சீரங்கப்பட்டணம் இங்கே தனித்த ஓர் ஊரன்று; நெடிய ஓர் ஆற்றுப்பாதையின் முதல் நிலை. கோயிலை மையமாகக் கொண்ட இந்தப் பாதை, கோட்டையை மையமாகக் கொண்ட பாதைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இரண்டாவது பாதையை வகுத்தது போர். 1792இல் காரன்வாலிஸ் தலைமையிலான படை தீவை முற்றுகையிட்டது. 1799 மே 4 அன்று ஜெனரல் ஹாரிஸின் படை கோட்டையைக் கைப்பற்றியது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். இந்த இரு முற்றுகைகளுமே தீவைக் காட்சிப்பொருளாக்கின. ராபர்ட் ஹோம், அலெக்சாண்டர் ஆலன் ஆகியோரின் மைசூர்க் காட்சி நூல்கள் 1794இலேயே இங்கிலாந்தில் வெளிவந்தன. 1800இல் ராபர்ட் கெர் போர்ட்டர் தீட்டிய ‘சீரங்கப்பட்டணத் தாக்குதல்’ என்னும் பனோரமா ஓவியம் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 120 அடி. கட்டணம் செலுத்தி உள்ளே நுழைந்தவர், வளைந்த திரையின் முன் நின்று கோட்டைச் சுவர் உடைந்த இடத்தையும் படை ஏறிய வழியையும் கண்டுகொள்ளலாம். காவிரியை ஒருமுறையும் பார்த்திராத லண்டன்வாசிக்குச் சீரங்கப்பட்டணத்தின் நிலவியல் பழக்கமாகிவிட்டது. வழிகாட்டியுடன் கூடிய முதல் சீரங்கப்பட்டணச் சுற்றுலா லண்டனில்தான் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பின்னர் நேரில் வந்தவர்கள் அந்தத் திரையில் கண்டவற்றையே தேடினர். 1800இல் பிரான்சிஸ் புக்கானன் வந்தார். 1804இல் வலென்ஷியா பிரபு வந்தார். 1859இல் முர்ரே பதிப்பகம் எட்வர்ட் ஈஸ்ட்விக் எழுதிய சென்னை மாகாணக் கையேட்டை வெளியிட்டது. 1880களின் தொடக்கத்தில் பெங்களூரு – மைசூரு ரயில் பாதை போடப்பட்டது. அந்தப் பாதை கோட்டைக்குள்ளேயே செல்கிறது. கையேடும் ரயிலும் சேர்ந்தபோது பார்க்க வேண்டியவற்றின் வரிசை உறுதிப்பட்டது: சுவர் உடைந்த இடம், நீர்வாயில், திப்புவின் உடல் கிடந்த இடம், ஆங்கிலேயக் கைதிகள் அடைக்கப்பட்ட நிலவறைகள், தரியா தௌலத், கும்பஸ். நிலவறைகளில் ஒன்று கர்னல் பெய்லியின் பெயரால் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்ட மற்றொன்று, அதைக் கண்டறிந்த இன்மன் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1799 முற்றுகையில் இறந்த படையினருக்கு 1907இல் நினைவுத்தூண் எழுப்பியது மைசூர் சமஸ்தான அரசு. வென்றவரின் நினைவைக் கல்லில் நிறுத்தும் செலவும் உள்ளூர்க் கருவூலத்தையே சேர்ந்தது.

இன்றைய அரைநாள் சுற்றுலா இந்த இரு பாதைகளின் கலப்பு. அரங்கநாதர் கோயிலும் கஞ்சாமின் நிமிஷாம்பா கோயிலும் ஆற்றுச் சங்கமமும் அடியவர் பாதையிலிருந்து வருகின்றன. மற்றவை முற்றுகைப் பாதையிலிருந்து வருகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான உறவு மட்டும் பேசப்படுவதில்லை. ஆனால் பேச வேண்டியது மிகுதி. திப்புவின் அரண்மனையாகிய லால் மகால் அரங்கநாதர் கோயிலுக்கு அருகிலேயே இருந்தது; சுல்தானின் அன்றாட வாழ்வு கோயில் மணியொலி கேட்கும் தூரத்தில் நடந்தது. இவ்வளவு நெருக்கமான அண்மையை விளக்க ஒரு வழிகாட்டிக்கு ஐந்து நிமிடம் போதாது. ஆகவே கோயிலைப் பக்தியின் இடமாகவும் கோட்டையைப் போரின் இடமாகவும் பிரித்துக்காட்டும் எளிய வழியே வழக்கமாகிவிட்டது.

சுற்றுலா உரையின் மொழியையும் கவனிக்க வேண்டும். தமிழில் இடிபாடுகளைப் பற்றிப் பேசும்போது வினைச்சொல் பெரும்பாலும் ‘இடிந்தது’, ‘அழிந்தது’, ‘சிதைந்தது’ என்றே வரும். மரபிலக்கணம் இவற்றைத் தன்வினை என்னும். ‘இடித்தது’, ‘அழித்தது’, ‘சிதைத்தது’ என்பவை பிறவினை. கு. பரமசிவம் இவ்வேறுபாட்டை இயங்குவினை, இயக்குவினை என்னும் பெயர்களால் விளக்கினார். ஒரு மெல்லின ஒற்று வல்லின ஒற்றாக மாறுவதுதான் ஒலியளவில் உள்ள வேறுபாடு; பொருளளவில் ஒரு முழு எழுவாய் தோன்றிவிடுகிறது. ‘அரண்மனை இடிந்தது’ என்றால் காலமும் மழையும் காரணமாகலாம். ‘அரண்மனையை இடித்தார்கள்’ என்றால் யார், எப்போது, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும். தொன்மையான இடிபாடு என்ற சொற்சேர்க்கையே இயங்குவினையின் உலகத்தைச் சேர்ந்தது. சீரங்கப்பட்டணத்தின் பல இடிபாடுகள் அந்த உலகத்தைச் சேர்ந்தவை அல்ல.

லால் மகாலை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே அடித்தளத்தின் எச்சங்களே உள்ளன. அந்த அரண்மனை முதுமையால் விழவில்லை. 1799க்குப் பின் சில ஆண்டுகளிலேயே அதைக் கும்பெனியார் இடித்தனர். அதன் மரங்கள் நீலகிரி மலையேறி, 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கட்டுமானத்தில் பயன்பட்டன. உதகைக்குச் சுற்றுலா செல்வோர் அந்தத் தேவாலயத்தின் உத்தரங்களை வியந்து பார்க்கின்றனர். சீரங்கப்பட்டணத்தில் வெற்றிடத்தைப் பார்த்து ‘பழைய அரண்மனை அழிந்துவிட்டது’ என்று கேட்டுக்கொள்கின்றனர். ஒரே கட்டடத்தின் இரு பகுதிகள் இரு சுற்றுலாக்களில் இரு வேறு கதைகளாக இருக்கின்றன.

அரண்மனையிலிருந்த பொருள்களின் நிலையும் இதுவே. திப்புவின் நூலகத்து ஏடுகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பிரிந்து சென்றன. 1809இல் சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு விளக்க அட்டவணை வெளியிட்டார். ஐரோப்பியச் சிப்பாய் ஒருவன் மீது பாயும் மரப்புலி 1808 முதல் லண்டனில் கும்பெனியின் காட்சியகத்தில் இருந்தது; இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. தீவில் வெறுமை, லண்டனில் காட்சிக்கூடம். ஒன்று மற்றொன்றின் காரணம்.

மக்கள்தொகையும் இதையே கூறுகிறது. திப்புவின் காலத்தில் தீவில் சுமார் 1,50,000 பேர் வாழ்ந்ததாகவும் தாம் வந்தபோது அது சுமார் 32,000ஆகக் குறைந்திருந்ததாகவும் புக்கானன் கணித்தார். முதல் எண் மதிப்பீடு மட்டுமே. ஆயினும் சரிவின் அளவு தெளிவு. உடையார் குலத்துச் சிறுவர் மூன்றாம் கிருஷ்ணராஜருக்குக் கும்பெனி பட்டம் சூட்டியது. தலைநகரம் மைசூருக்குப் பெயர்ந்தது. தீவில் தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டியதால் அதுவும் பெங்களூருக்குச் சென்றது. அரசவை, படை, அவற்றை நம்பிய கைவினைஞர், வணிகர் என அடுத்தடுத்து வெளியேறியதால் ஏற்பட்ட வெறுமை அது. ஒரு நகரம் இடிபாடாவதற்கு ஆயிரம் ஆண்டுகள் வேண்டியதில்லை. ஓர் அரசியல் முடிவும் சில பத்தாண்டுகளும் போதும்.

இயக்குவினையின் எழுவாயாக ஆங்கிலேயரை மட்டும் நிறுத்துவதும் வரலாறாகாது. 1780களின் பிற்பகுதியில் திப்பு, உடையார்களின் பழைய மைசூர்க் கோட்டையை இடிக்கச் செய்து, அதன் கற்களைக் கொண்டு அருகே நஜர்பாத் என்னும் புதிய கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1799க்குப் பின் அந்தக் கற்களே மீண்டும் மைசூர்க் கோட்டைக்குத் திரும்பின. நஜர்பாத் இன்று மைசூரு நகரத்தின் ஒரு பகுதி. முந்தைய அரசின் அடையாளத்தை இடித்து அதன் கல்லிலேயே தன் அடையாளத்தை எழுப்புவது அக்கால அரசுகள் பலவற்றுக்கும் பொதுவான செயல். ‘இடிந்தது’ என்ற வினை திப்புவையும் காப்பாற்றுகிறது, கும்பெனியையும் காப்பாற்றுகிறது. இரு தரப்பாரின் செயலையும் பெயர் சொல்லிக் கூறுவதே நடுநிலை. செயலையே மறைத்துவிடுவது நடுநிலை ஆகாது.

தரியா தௌலத் இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரியது. 1784இல் கட்டப்பட்ட இந்தத் தோட்ட மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்த போர் அது. ஓவியத்தில் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலை வாயில் வைத்திருக்கிறார். ஆங்கிலப் படை சதுர வடிவில் நெருக்குண்டு நிற்கிறது. வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுவதும் இதே புள்ளலூரைத்தான். தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் நடந்த போர், கன்னட நாட்டுத் தீவொன்றின் சுவரில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர் கூட்டத்துக்கு இந்தச் செய்தி சொல்லப்படுமானால், வண்ணக்குவியலாகத் தெரியும் சுவர் அவர்களுடைய ஊர் வரலாறாக மாறும்.

இந்தச் சுவருக்கும் நிலவறைக்கும் உள்ள தொடர்பும் அரைநாள் வரிசையில் அறுந்துபோகிறது. புள்ளலூரில் சிறைப்பட்ட பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார். அவருடன் பிடிபட்ட டேவிட் பெயர்ட் 1784இல் விடுதலை பெற்று, 1799 மே 4 அன்று அதே கோட்டையின் மீதான தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். நிலவறையை முதலிலும் ஓவியத்தைக் கடைசியிலும் பார்ப்பவருக்குக் கைதிகளின் துன்பம் மட்டுமே நிற்கும். அவர்கள் ஏன் கைதிகளானார்கள் என்பது நிற்காது. வரிசையை மாற்றினால் காரணம் முன்னும் விளைவு பின்னுமாக அமையும். சுவரோவியத்திலும் எச்சரிக்கை தேவை: டல்ஹௌசி பிரபு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைப் புதுப்பிக்கச் செய்தார். நாம் காண்பது 18ஆம் நூற்றாண்டின் அமைப்பின் மேல் 19ஆம் நூற்றாண்டின் தூரிகை. தோற்றவரின் வெற்றிச் சித்திரத்தை வென்றவர் பாதுகாத்தார் என்பதும் அந்தச் சுவரின் வரலாறே.

கதை முடியும் இடமும் தேர்ந்தெடுக்கப்பட்டதே. வழக்கமான உரை 1799 மே 4 அன்று நீர்வாயிலருகே முடிந்து, கும்பஸில் ஹைதர் அலியின் கல்லறைக்கருகே திப்புவின் கல்லறையைக் காட்டி நிறைவுறும். ஆனால் திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் எழுந்தனர். அதன்பின் அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலூர்க் கோட்டையைச் சுற்றிக்காட்டும்போது சீரங்கப்பட்டணமும், சீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக்காட்டும்போது வேலூரும் பேசப்படாவிட்டால் இரண்டும் பாதிக் கதைகள்.

தீவில் இந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. பெங்களூரு – மைசூரு இரட்டைப் பாதைப் பணிக்காகத் திப்பு கால ஆயுதக் கிடங்கு ஒன்று 2017இல் அடியோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைக்கப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றிய அரிய பொறியியல் செயல் அது, ஐயமில்லை. எனினும் கிடங்கு எந்தச் சுவரையொட்டி, எந்தக் காவலுக்காக அங்கே இருந்தது என்னும் இடப்பொருள் இனி நிலத்தில் இல்லை, ஆவணத்தில் மட்டுமே உள்ளது. நாளைய பயணிக்கு அந்தக் கட்டடம் ‘இங்கே இருக்கிறது’. ‘இங்கே வைத்தார்கள்’ என்று சொல்ல ஒரு பலகையாவது வேண்டும்.

குறுகிய சுற்றுலாவைப் பழிப்பதால் பயனில்லை. பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் கிடைப்பது அந்த அரைநாள்தான். வரலாற்றுத் துறையின் நூல்களைவிட வழிகாட்டியின் உரையே அவர்களைச் சென்றடைகிறது. ஆகவே கேள்வி நேரத்தின் அளவைப் பற்றியது அன்று. லால் மகாலின் அடித்தளத்தருகே ‘யார் இடித்தார்கள், மரம் எங்கே போயிற்று?’ என்று கேட்கவும் விடை சொல்லவும் இரண்டு நிமிடம் போதும். நஜர்பாத்தைக் கடக்கும்போது கல் திரும்பிய கதையைப் பேருந்திலிருந்தே சொல்லலாம். தரியா தௌலத்தை முதலிலும் நிலவறையைப் பிறகும் காட்ட ஒரு மணித்துளிகூடக் கூடுதலாகாது. வினைச்சொல்லுக்கு அதன் எழுவாயைத் திருப்பிக் கொடுக்க அரைநாளே தாராளம்.