பாடியா, லென்ஸா? – நம்ம பக்கத்துக் கேமராக் கதை

நம் கல்லூரி மாணவர் புகைப்படக் குழுவுக்கு இந்த ஆண்டு ஒரு கேமரா செட் வாங்கித் தருவது என்று சங்கத்தில் முடிவாயிற்று. "எதை வாங்கணும்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சார்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாற்பது வருஷமாகக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆரணிக்கும் பொன்னேரிக்கும் நடுவே சுற்றுகிறவன் என்பதால் வந்த வினை. (ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வருகிற வெளியூர் நண்பர்களுக்கு: அது வேறு ஆரணி. இது ஆற்றங்கரை ஆரணி.)

மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று நாள் சண்டை. "பழவேற்காட்டுல பூநாரை எடுக்கணும்னா 600 எம்.எம். இல்லாம முடியாது சார்" என்றான் ஒருவன். "பாடி லேட்டஸ்ட்டா வாங்கிடலாம் சார், கூட வர்ற லென்ஸ் போதும்" என்றாள் ஒரு பெண். கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இந்தச் சண்டையின் பூர்வீகத்தை மலரில் எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது. ஏனென்றால் இது இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த சண்டை இல்லை. கேமரா நம் மாகாணத்துக்கு வந்த நாளிலிருந்தே 'எதற்குச் செலவு செய்வது' என்கிற தகராறும் கூடவே வந்திருக்கிறது.

சென்னையில் 1850-ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்தான் இங்கே புகைப்படக் கலைக்கும் ஒரு சங்கம் ஏற்பட முன்னின்றவர். அதே பத்தாண்டில் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ கேப்டனைச் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் கல்லில் உளி பட்ட இடம் தெரிகிறது. ஓரடிக்கும் மேல் அகலமான காகித நெகட்டிவ், அதைத் தாங்குகிற பெரிய மரக் கேமரா, ரசாயனப் புட்டிகள், எல்லாம் மாட்டு வண்டியில். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அகலமாக எடுக்க லென்ஸ் இல்லை என்று உட்கார்ந்துவிடவில்லை, கேமராவை நகர்த்தினார். ஆனால் 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கிற நிலைமையில் இது ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ஆக நம் ஊர்க் கேமராக் கதையில் முதல் 'பட்ஜெட் கட்' அப்போதே விழுந்தாயிற்று.

டிரைப்பாவது சம்பளத்துக்கு எடுத்தவர். சொந்த ஆசைக்கு, சொந்தக் காசில் எடுத்தவர் என்று நான் கையெடுத்துக் கும்பிடுவது மா. கிருஷ்ணனை (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் சாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. யானைகளை, பெரும்பாலும் கருப்பு வெள்ளையில், அவர் எடுத்த மாதிரி இன்றுவரை வேறு யாரும் எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் கையில் இருந்த கேமராதான் வேடிக்கை. ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி டெலி லென்ஸ், மற்ற உருப்படிகள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே சேர்த்துப் பூட்டி 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்திருந்தார். இ.பி. ஜீ என்கிற காட்டுயிர் ஆர்வலர் 1964-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் பார்த்தபோது 'என்ன இது ஓட்டைச் சாமான்' என்றுதான் நினைத்தாராம். அதில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு அந்தக் கேமரா மீதே ஆசை வந்துவிட்டதாம்.

கிருஷ்ணன் ஏன் அப்படி ஒட்டுப்போட வேண்டியிருந்தது? வேண்டிய சாமான் இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. 1991-க்கு முன் கேமரா இறக்குமதிக்கு எவ்வளவு கெடுபிடி, எவ்வளவு சுங்க வரி என்பது இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நமக்கு வாய்த்தது பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா கிளிக் 3. 120 ரோல் போட்டால் 12 படம். அதற்கு அண்ணன் ஐசோலி, அதில் 16 படம். பாடியா லென்ஸா என்ற கேள்வியே அங்கே கிடையாது, இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. வெயில் படம் போட்ட ஒரு குறி, மேகம் படம் போட்ட ஒரு குறி, ஒரு பொத்தான். அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த இரட்டைக் கண் கேமராவும், ரோலிஃபிளெக்ஸோ யாஷிகாவோ, லென்ஸ் கழற்ற முடியாததுதான். நான் சின்ன வயசில் போன ஸ்டுடியோவில் அண்ணாச்சி இடுப்புக்கு நேரே கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்ப்பார். இடது வலது மாறித் தெரியும் என்பதால் நாம் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவர் அந்தப் பக்கம் தலையை ஆட்டுவார்.

ஃபிலிமுக்கு ஊட்டி இருந்தது. 1960-ல் ஆரம்பித்து 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்று பேர், நிலா என்று அர்த்தம். 1990களின் நடுவில் அந்த ஆலை நலிந்த நிறுவனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. 2014-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூடும் வழிக்கு மத்திய அமைச்சரவை வந்தது.

கிளிக் 3 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் ஃபோகஸ் திருப்ப முடியாது. ஆள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், கிட்டே போனால் முகம் மங்கிவிடும். எங்கள் நைனா சிரித்து நான் பார்த்தது அபூர்வம். ஒரு பொங்கலன்று வாசலில் உட்கார்ந்து யாரோ சொன்னதுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கடன் வாங்கி வந்த கிளிக்கோடு நான் ஓடிப் போய், முகம் பெரிசாக விழட்டும் என்று, நாலடியில் நின்று அமுக்கினேன். தப்பு என்னுடையதுதான், கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் பின்னால் இருக்கிற திண்ணைத் தூண் அவ்வளவு துல்லியம், நைனா முகம் புகை. அடுத்த வருஷம் அவர் இல்லை. அந்த ரோலில் மிச்சம் பதினோரு படம் இருந்தது, எனக்கு ஒன்றுதான் தந்தார்கள். லென்ஸ் எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகும் என்று கடையில் நான் முதலில் கேட்பது அன்றிலிருந்து வந்த பழக்கம். நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை.

வேலைக்குப் போன பிறகு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்த கையோடு ரயிலைப் பிடித்து பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜார் போவேன். வாங்க இல்லை, பார்க்க. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குப் பிழைக்க ஒரு வழியாக உண்டான கடைத்தெரு அது. அங்கே வரும் கேமராவுக்கு வம்ச வரலாறு கிடையாது. துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் கொண்டுவந்தது ஒன்று, கைமாறிக் கைமாறி வந்தது ஒன்று. பாடி ஒரு ஜாதி, லென்ஸ் ஒரு ஜாதி. பொருத்தம் பார்க்காமல் முடித்தால் கல்யாணம் நிற்காது.

அந்தப் பொருத்தத்துக்குத்தான் மவுண்ட் என்று பேர். திருகு மவுண்ட் ஒன்று, எம்42 என்பார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1949 வாக்கில் வந்தது. பிராக்டிகா, பென்டாக்ஸ், சோவியத் ஜெனிட் எல்லாவற்றுக்கும் ஒரே மரை. நிக்கான் 1959-ல் கொண்டுவந்த எஃப் மவுண்ட் அறுபது வருஷத்துக்கு மேல் நின்றது. கேனன் 1987-ல் ஆட்டோஃபோகஸுக்காகப் பழைய மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இ.எஃப். என்று புதிதாக ஆரம்பித்தது. அன்றைக்குப் பழைய கேனன் லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறு எரிந்தார்கள். பிறகு யோசித்தால் கேனன் செய்ததிலும் நியாயம் உண்டு. புது லென்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் மோட்டாரை வைத்துவிட்டார்கள். நிக்கானில் பல வருஷம் மோட்டார் பாடிக்குள் இருந்தது. 2006-ல் வந்த டி40 முதலான சின்ன பாடிகளில் அந்த மோட்டார் கிடையாது. பழைய 50 எம்.எம். 1.8 டி லென்ஸ் அதில் மாட்டும், படமும் விழும், ஆனால் ஃபோகஸ் கையால்தான் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட்ஹேண்ட் வாங்கும் மாணவர்கள் இன்றைக்கும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நான் வாங்கியது ஜெனிட் இ, கூட ஹீலியோஸ் 58 எம்.எம். எஃப் 2. கிட்டத்தட்ட ஒரு கிலோ இரும்பு. பேட்டரியே கிடையாது, மீட்டர் வெளிச்சத்திலேயே ஓடும். ஷட்டர் 30-ல் ஒரு பங்கிலிருந்து 500-ல் ஒரு பங்கு வரை, அவ்வளவுதான். அப்பெர்ச்சரை ஒவ்வொரு படத்துக்கும் கையால் மூடித் திறக்க வேண்டும். ஆனால் அந்த லென்ஸ்! ஆற்றங்கரை வேப்பமரத்தடியில் ஒருவரை உட்கார வைத்து எடுத்தால் பின்னால் இலை வெளிச்சமெல்லாம் சுழன்று நிற்கும். அந்த நாளில் அதைக் குறை என்றோம். இன்றைக்கு அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

தொண்ணூறுகளில் பென்டாக்ஸ் கே1000, 1995-ல் வந்த நிக்கான் எஃப்.எம்.10 ஆகியவை கைக்கு எட்டின. நம் ஜூனியர்கள் பலர் கற்றுக்கொண்டது எஃப்.எம்.10-ல்தான். நிக்கானுக்காக அதைச் செய்தது கொசினா என்கிற வேறு ஜப்பான் கம்பெனி. யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை, படவும் வேண்டியதில்லை. ஏனென்றால் ஃபிலிம் காலத்தில் பாடி என்பது ஒரு இருட்டறை, ஒரு கதவு. சரியான நேரம் திறந்து மூடினால் அதன் வேலை முடிந்தது. படம் பதிவது ஃபிலிமில், உருவம் தருவது லென்ஸ். ஐநூறு ரூபாய் பாடியிலும் ஐம்பதாயிரம் ரூபாய் பாடியிலும் அதே ரோல்தான் ஓடியது. அதனால் பெரியவர்கள் 'காசு இருந்தால் லென்ஸில் போடு' என்று சொன்னது முழுக்க முழுக்க சரி.

டிஜிட்டல் வந்து அதைக் குழப்பிவிட்டது. 2003-ல் ஆயிரம் டாலருக்குள் கேனன் 300டி, அடுத்த வருஷம் நிக்கான் டி70. இப்போது ஃபிலிம் பாடிக்குள்ளேயே நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது, சென்சார் என்ற பேரில். பாடியை மாற்றினால்தான் ஃபிலிமை மாற்ற முடியும். 'பாடி லேட்டஸ்ட்டா' என்று அந்தப் பெண் சொன்னதில் இவ்வளவு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. போதாததற்கு இந்தச் சின்ன பாடிகளின் சென்சார் 35 எம்.எம். ஃபிலிமைவிடச் சிறியது. 50 எம்.எம். லென்ஸ் நிக்கானில் 75 மாதிரி நடந்துகொள்ளும், கேனனில் 80. கூடத்தில் குடும்பத்தோடு எடுக்கலாம் என்று 50 வாங்கினவர் முதுகு சுவரில் இடிக்கும். அவருக்கு வேண்டியது 35.

ஆனால் பாடிக்கு வயசாகிற வேகம் பயங்கரம். ஒரு கல்யாண சீசனில் ஆசைப்பட்டுத் தவணையில் ஒரு பாடி வாங்கினேன், பேர் வேண்டாம். தவணை முடியுமுன்னே அதன் விலை பாதிக்கும் கீழே. அதோடு வாங்கிய லென்ஸ் இன்றும் ஓடுகிறது.

2018-ல் நிக்கானும் கேனனும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு என்று புது மவுண்ட் கொண்டுவந்தார்கள், சோனி அதற்கு முன்பே இறங்கியிருந்தது. நடுவில் கண்ணாடி இல்லாததால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி குறைந்துவிட்டது. நிக்கானில் 46.5 மில்லிமீட்டராக இருந்தது 16 ஆயிற்று. மிச்சம் 30 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதே, அதில் ஒரு வளையத்தைச் செருகினால் எந்தக் காலத்து லென்ஸையும் மாட்டலாம். ஆட்டோஃபோகஸ் இருக்காது, படம் இருக்கும். கிருஷ்ணன் கையால் செய்த ஒட்டுவேலையை இன்றைக்குக் கடையில் அடாப்டர் என்று விற்கிறார்கள்.

இனி பூநாரை. அந்தப் பையனோடு மாசி மாதம் ஒருநாள் பழவேற்காடு போனேன். ஏரியில் பூநாரை தூரத்தில் ரோஸ் கோடு மாதிரி நின்றது. நிஜம்தான், 600 வேண்டும். ஆனால் படகுத்துறையில் சென்னையிலிருந்து வந்த காரில் அந்த மாதிரி லென்ஸ் நாலைந்தாவது இருந்தது. அந்தப் பறவைக்குப் படப் பஞ்சம் இல்லை. கரை ஓரம் முழங்கால் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருந்தார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மண்மேடு இருந்தது, எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு அவர்கள் கல்லறைத் தோட்டமும் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு கேமராவும் திரும்பவில்லை.

"இவங்களை எடுத்தா லைக் வராது சார்" என்றான்.

"உங்க தாத்தா போட்டோ வீட்ல எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். யோசித்தான். ஒன்று, ரேஷன் கார்டில்.

திரும்பி வரும்போது பொன்னேரி வரை பேசவில்லை. இறங்குகிற இடத்தில், "சார், 35 எம்.எம். எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகும்?" என்றான்.

என் சிபாரிசு இது. கண்ணாடி இல்லாத பாடி ஒன்று, இரண்டு தலைமுறை பழசு, செகண்ட்ஹேண்ட். புதுசாக 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். பாக்கிப் பணத்தில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லும் காற்றுப் புகாத டப்பாவும். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் தோல் பையில் லென்ஸைப் பூட்டி வைத்தால் தையில் உள்ளே பூஞ்சை கோலம் போட்டிருக்கும், நான் இரண்டு பறிகொடுத்திருக்கிறேன். 600 வேண்டுமென்றால் சென்னையில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, பறவை சீசனில் எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஹீலியோஸையும் குழுவுக்கே கொடுத்துவிடுகிறேன். அடாப்டர் அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்மூடி தொலைந்துவிட்டது. நண்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது எம்42 திருகு மூடி ஒன்று கிடந்தால், சந்திப்பு நாளன்று மறக்காமல் எடுத்து வரவும்.