பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை: ஒரு சாலையின் வாழ்க்கை

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது பொன்னேரி. அங்கே ரயிலை விட்டு இறங்கி, பேருந்து பிடித்து மெதூர், திருப்பாலைவனம், ஆண்டார்மடம் வழியாக வடகிழக்கே போனால் பழவேற்காடு. எல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டர் தேறினால் அதிகம். மாநில நெடுஞ்சாலை என்று சொன்னால் கேட்பவர் மனதில் வரும் நீளமும் அகலமும் இதற்குக் கிடையாது. ஆனால் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், மீன் வியாபாரம் எல்லாம் இந்தச் சாலையின் மறுமுனையில்தான்.

சாலையைவிட ஊர் வெகு மூத்தது. ஊரின் வாசல் அன்று கடல் பக்கம் இருந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே இதுதான். உள்நாட்டு நெசவாளர்களின் துணி இங்கிருந்துதான் ஜாவாவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் கப்பலேறியது. கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். அடிமைகளாக விலைபோன மனிதர்களும் இதே கரையிலிருந்துதான் கப்பலேற்றப்பட்டார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டமும், அதன் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும்தான் அந்தக் காலத்துக்குச் சாட்சி.

கடலுக்கு அடுத்து வந்தது கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரியைத் தொட்டு ஆந்திரக் கரையோரம் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78 வாக்கில், பசித்த ஜனங்களைக் கூலிக்கு வைத்துச் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் காற்றடித்தால் பாய் விரித்தும், காற்று விழுந்தால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் சென்னை போய்ச் சேர்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது. அது கரையோரம் வராமல் பொன்னேரியோடு நேரே வடக்கே போய்விட்டது. சென்னைக்குச் சரக்கு ரயிலில் போகத் தொடங்கியதும், நூற்றாண்டுகளாகக் கடலைப் பார்த்திருந்த பழவேற்காடு பொன்னேரியைப் பார்க்கத் திரும்பியது. அதற்குப் பின் கால்வாய் தூர்ந்துகொண்டே போக, ஊருக்கு இந்தச் சாலையே கதியானது.

பொன்னேரியை விட்டுக் கிளம்பும் சாலைக்கு இருபுறமும் முதலில் நெல் வயல்கள். ஆரணி ஆற்றுத் தண்ணீரும் ஏரிப் பாசனமும் இருக்கும்வரை இது விவசாயப் பூமி. திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர் கோயில். அதைத் தாண்டக் காற்றில் உப்பு ஏறுகிறது. களிமண் போய் மணல் வருகிறது. பனையும் இறால் பண்ணைக் குட்டைகளும் தென்படுகின்றன. பழவேற்காட்டுக் கடைத்தெருவோடு பேருந்து நின்றுவிடும். அதற்கப்பால் பாலம் ஏறிக் கடந்தால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள்.

சாலையின் மதிப்பைக் காண விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்ததும் இறாலும் மடவையும் கொடுவாவும் ஏலத்துக்குக் கொட்டப்படும். சேற்று நண்டை மட்டும் யாரும் கொட்டுவதில்லை. காலால் அதன் முதுகை லேசாக அழுத்திக்கொண்டு, இரண்டு கொடுக்குகளையும் மடக்கி, கயிற்றைக் குறுக்கே ஓட்டி முடிச்சுப் போடுவார்கள். அது உயிரோடு சென்னை போய்ச் சேர்ந்தால்தான் விலை. ஐஸ் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் அடுக்குகிறார்கள். கூடைக்காரப் பெண்கள் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஓடுகிறார்கள். வழியில் தண்ணீர் நின்று வண்டி இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஐஸ் கரையும், விலை இறங்கும். நஷ்டம் வலை போட்டவர் தலையில் விழும்.

வெளிச் சந்தை ஏரிக்குள்ளும் மாற்றம் கொண்டுவந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் அதிகம் விழும், உள்ளே போகப் போகக் குறையும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல், யார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு, இந்தப் பாடு முறையில் பங்கு கேட்போர் பெருகினார்கள், தகராறும் பெருகியது. பாடு உரிமை இல்லாத இருளர்கள் ஆழமில்லாத தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அதுவும் இதே சாலை வழியாகத்தான் சந்தைக்குப் போகிறது.

இந்தத் தாழ்வான பகுதியில் சாலை போடுவது மேட்டு நிலத்தில் போடுவது போலல்ல. ஆரணி ஆறு ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைக் கடந்து வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கனத்து அணையும் திறந்தால், ஆண்டார்மடம் பக்கம் கரை தாண்டி வெள்ளம் பரவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் வெள்ளம் ஏறியது. சாலையைத் தண்ணீர் கெடுக்கிறது என்று அப்போது பேசுகிறோம். தண்ணீரின் வழியில் நாம் கரை எழுப்பினோம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். மேடாக்கிய சாலைக்குக் கீழே தண்ணீர் போகப் போதிய கண் இல்லாவிட்டால் அது அணைதான். ஒரு பக்கத்து வயல் முழுகும், மறுபக்கத்து ஏரிக்கு வரவேண்டிய நன்னீர் தாமதமாகும்.

அப்படி அணையாகிவிட்ட சாலை ஒன்று இதே ஏரியின் வடக்கே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவை ராக்கெட் ஏவுதளத்துக்காக 1969-இல் தேர்ந்தெடுத்த பிறகு, சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்கு ஏரியின் குறுக்கே மண் கரை எழுப்பிச் சாலை போட்டார்கள். நாட்டுக்கு அது தேவையான சாலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரை ஏரியின் வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் இடையே தண்ணீர் தாராளமாகப் போய்வருவதைத் தடுத்துவிட்டது. வெயில் காலத்தில் வடபகுதி காய்ந்து வெடிக்கிறது. முகத்துவாரமும் அடிக்கடி மணல் மூடிப்போகும் ஏரியில், உள்ளே இப்படி ஒரு குறுக்குக் கரையும் இருந்தால் மீன் எங்கே போகும்?

தெற்கே கதை வேறு. மணல் திட்டின் வழியே காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலையைக் கடல் அரித்து, மணலால் மூடி, திரும்பத் திரும்பத் துண்டிக்கிறது. அந்த நாட்களில் திட்டில் இருக்கும் குப்பங்கள் பாலம் கடந்து பழவேற்காடு வந்து, பொன்னேரிச் சாலையைத்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் சாலை இதுதான்.

ஆகவே இதை அகலப்படுத்துவதும் உயர்த்துவதும் அவசியம். அதை ஏரியையும் ஆற்றையும் கேட்டுச் செய்ய வேண்டும். தரைப்பாலம் இருக்கும் இடத்தில் வெள்ளம் தாராளமாகக் கடக்கும் உயர்மட்டப் பாலம், தாழ்ந்த இடம்தோறும் அகலமான கண்கள், திட்டம் போடும்போதே வெள்ளம் எங்கே முதலில் ஏறும் என்று அறிந்த குப்பத்துப் பஞ்சாயத்தாரோடு ஒரு பேச்சு. இவற்றுக்குப் பணம் கூடுதலாகும். ஏரியில் மீன் இல்லாமல் போனால், எவ்வளவு நல்ல சாலை போட்டாலும் அதில் ஏற்றி அனுப்பக் குப்பத்தாரிடம் எதுவும் இருக்காது.