வட்டத்துக்குள் நின்ற அரசன்

சீனத்திலிருந்து கடல் வழியாக ஊர் திரும்பும்போது மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டுச் சென்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டு முடியும் தறுவாய் அது. அரபு வணிகர் வழக்கப்படி அவரும் அந்த நாட்டை மாபார் என்றே குறிப்பிடுகிறார். முத்துக் குளிப்பு, குதிரை வாணிகம் என்று பலவற்றைச் சொல்லி வருபவர், கடன் வசூலிக்கும் முறை ஒன்றையும் விவரிக்கிறார். பலமுறை கேட்டும் தவணை சொல்லியே காலம் கடத்தும் கடனாளியைச் சுற்றி, கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடுவார். பணத்தைக் கொடுத்தாலோ தகுந்த பிணை காட்டினாலோ ஒழிய, கடனாளி அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை.

அரசனுக்கே இப்படி நேர்ந்ததைத் தம் கண்ணால் கண்டதாகவும் போலோ சொல்கிறார். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்கு அரசன் பணம் தர வேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வணிகர், அரசன் குதிரையில் வந்த ஒரு நாளில், குதிரையையும் சேர்த்து வளைத்து வட்டம் வரைந்துவிட்டார். அரசன் குதிரையை நிறுத்தினான். வணிகரின் கணக்குத் தீரும்வரை அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் அரசனின் நீதியை வியந்தார்களாம்.

போலோவின் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பார் உண்டு. ஆனால் இரண்டு நூற்றாண்டு கழித்துக் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியரான லுதோவிக்கோ தி வர்த்தேமா, 1510இல் அச்சான தமது பயண நூலில் ஏறத்தாழ இதையே எழுதுகிறார். அவர் கண்ட முறையில் அந்தணர் தலைவரிடமிருந்து ஒரு பசுங்கிளையைப் பெற்று வர வேண்டும். அதைக் கொண்டு கடனாளியைச் சுற்றிக் கோடு கிழித்து, அரசன் பேரிலும் அந்தணர் பேரிலும் மூன்று முறை ஆணையிட வேண்டும். அப்புறம் கடனாளி பணம் கொடுக்கலாம், அல்லது அங்கேயே பட்டினி கிடந்து சாகலாம். இரண்டு பயணிகளும் ஒரே கற்பனையைத் தனித்தனியே செய்திருக்க இயலாது. மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்திருக்க வேண்டும்.

இந்த வட்டத்தில் என்னை ஈர்ப்பது அதன் சிக்கனம். இதில் மனு இல்லை, வாய்தா இல்லை, அமீனா இல்லை. கடன் உண்டு என்பது ஊரறிந்த செய்தியாகிவிட்டால், அதை வசூலிக்க ஒரு கோடு போதும். நம் காலத்து நிலைமை இதற்கு நேர் எதிரானது. கடன் உண்டு என்று நிரூபித்துத் தீர்ப்பாணை வாங்குவது பாதி வழிதான். இந்தியாவில் வழக்காடுபவரின் துன்பம் தீர்ப்பாணை கைக்கு வந்த பிறகே தொடங்குகிறது என்று 1872இல் தர்பங்கா ராஜ் தொடர்பான ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அன்றிலிருந்து அக்கருத்தை மேற்கோள் காட்டாத நீதிமன்றம் இந்தியாவில் இல்லை எனலாம்.

தீர்ப்பு வேறு, தீர்ப்பின் நிறைவேற்றம் வேறு என்ற தெளிவு நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சியை ஒரு வழக்கு விசாரணையாகப் படித்துப் பார்க்கலாம். மணப்பந்தலில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு சபை கேட்கிறது. கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சபை தீர்ப்புச் சொல்கிறது. அங்கே நிறைவேற்றத்துக்குத் தனி மனு தேவைப்படவில்லை. தோற்றவர் வென்றவரின் பின்னால் நடந்து திருவருட்டுறைக் கோயிலுக்குள் போகிறார். பக்தியின் உச்சமாக நாம் படிக்கும் இந்த இடத்தில் ஒரு சமூக உண்மையும் பதிவாகியிருக்கிறது. அன்றைய ஓலைக்குப் பிணையாக நின்றது சொத்து மட்டுமன்று, மனித உடலும்தான்; அதுவும் பாட்டன் எழுதிய ஓலைக்குப் பேரனின் உடல்.

கடனை வசூலிக்க ஐந்து வழிகளை மனுஸ்மிருதி அடுக்குகிறது: நல்வார்த்தை, வழக்கு, தந்திரம், வழக்காறு, பலம். வழக்காறு என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று, கடனாளியின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வது. தர்ணா என்று இன்று நாம் ஊர்வலப் பந்தல்களில் கேட்கும் சொல் அங்கிருந்து வந்ததுதான். உட்கார்ந்தவர் உண்ணமாட்டார், அவர் பட்டினி கிடக்கையில் வீட்டுக்காரரும் உண்ண முடியாது. உட்கார்ந்தவர் அந்தணராக இருந்து செத்தும் போனால், அந்தப் பாவம் வீட்டுக்காரர் தலையில் விடியும். பழைய அயர்லாந்துச் சட்டத்திலும் கடனாளியின் வாசலில் உண்ணாவிரதம் இருக்கும் முறை இருந்ததை ஹென்றி மெய்ன் 1875இல் இதனோடு ஒப்பிட்டு எழுதினார். கும்பினி அரசு 1795லேயே காசிப் பகுதிக்கான ஒழுங்குமுறை ஒன்றில் தர்ணாவைத் தடை செய்திருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை ஒன்றைச் செய்யவைப்பதை 508ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அதற்குத் தந்த உதாரணமே வாசலில் தர்ணா உட்காருவதுதான்.

ஆக, உட்காருவதும் கோடு கிழிப்பதும் போய் நீதிமன்றம் வந்தது. வசூலைச் சுற்றியுள்ள சொற்களே அந்த வரலாற்றைச் சொல்லும். ஜப்தியும் வசூலும் அமீனாவும் அரபு வேர் கொண்டவை; ஏலம் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது; டிக்கிரி ஆங்கிலம். கடன் என்ற சொல் மட்டும் நம்முடையது. அதற்குக் கடமை என்றும் பொருள் உண்டு.

புதிய முறை நடுநிலையானது என்று அதை ஏற்படுத்தியவர்கள் நம்பினார்கள். தக்காணத்துக் குடியானவர்களின் அனுபவம் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது உயர்ந்த பருத்தி விலை, 1865க்குப் பிறகு சரிந்தது. நிலவரி மறுநிர்ணயம் ஏறியது. 1859ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் கடன் பத்திரங்களின் ஆயுளைக் குறுக்கியது கடனாளியைக் காக்கத்தான். ஆனால் ஒவ்வொரு முறை பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதும் வட்டி முதலோடு சேர்ந்து புது முதலாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் கைநாட்டு வைத்தார். வழக்குப் போட்டால் அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஒருதலைத் தீர்ப்பாணை வந்தது; பின்னாலேயே ஜப்தியும் கைது வாரண்டும் வந்தன. அன்றைய வட்டம் ஊரார் முன்னிலையில் வரையப்பட்டது. இந்த வட்டமோ எங்கோ ஒரு கச்சேரியில், கடனாளிக்குப் புரியாத ஒரு தாளில் வரையப்பட்டது.

1875 மே 12 அன்று புனா மாவட்டத்துச் சூபா கிராமத்தில், சந்தை நாளன்று, குடியானவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளில் புகுந்தார்கள். கலகம் புனா, அகமதுநகர் மாவட்டங்களில் பரவியது. பல இடங்களில் அவர்கள் தேடியது நகையையோ தானியத்தையோ அல்ல, பத்திரங்களையும் தீர்ப்பாணைகளையும்தான். அவற்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினார்கள். கொடுத்த இடத்தில் பெரும்பாலும் அடிதடி நிகழவில்லை. தங்களைக் கட்டியிருப்பது எது என்பதில் அந்தக் கலகக்காரர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1879இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், பணக் கடனுக்கான தீர்ப்பாணையின்பேரில் விவசாயியைச் சிறையிலிடுவதை ஒழித்தது. பத்திரத்தின் பின்னால் போய் உண்மைக் கணக்கைப் பார்க்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குத் தந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் இந்த வழியில் வந்ததே. முதலைப் போல இருமடங்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் பழைய கடன் தீர்ந்தது என்று அது சொன்னது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை, இன்றும் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தை, இந்தப் பின்னணியில் படித்தால் அது வறண்ட நூலாகத் தோன்றாது. அதன் 60ஆம் பிரிவு ஜப்தி செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணி, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும், அவர் குடியிருக்கும் வீடு. கடனாளியைக் கைது செய்ய ஒரு வீட்டுக்குள் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நுழையக்கூடாது. பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. சிறைக்கு அனுப்பினால் கடனாளியின் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும்! ஒரு மனிதரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது என்ற தயக்கம் இந்த வரிகளில் இருக்கிறது.

1936இல் செய்த திருத்தம் இன்னும் ஒரு படி முன்னே போனது. பணம் இருந்தும் ஏய்ப்பவரையும், சொத்தை மறைப்பவரையும், ஓடப் பார்ப்பவரையும்தான் சிறையிலிடலாம், இல்லாதவரை அல்ல. 1980இல் கொச்சி வங்கி தொடர்பான ஒரு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இந்தியா 1979இல் ஏற்ற சர்வதேச உடன்படிக்கையையும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவையும் சேர்த்து வைத்து இதை உறுதிப்படுத்தினார். ஏழையாயிருப்பது குற்றமாகாது, கொடுக்க முடிந்தும் கொடுக்காத கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. கடன் கொடுத்தவர் என்றதும் வட்டிக்கடைக்காரரையே நினைக்கப் பழகியிருக்கிறோம். சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறு வியாபாரியும், ஓய்வுப் பணத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்ட முதியவரும், கூலி பாக்கிக்காக வழக்காடிய தொழிலாளியும் கடன் கொடுத்தவர்கள்தாம். அவர்கள் தீர்ப்பாணை பெற்ற பிறகு நிறைவேற்றல் மனுப் போட வேண்டும். கடனாளியின் சொத்து எது என்பதைப் பெரும்பாலும் அவர்களே தேடிச் சொல்ல வேண்டும். ஜப்தி, தமுக்கடித்து அறிவிப்பு, ஏலம் என்று போகும் பாதையில், சொத்து என்னுடையது என்று ஒரு மைத்துனர் வருவார். ஏலத்தை ரத்து செய்யக் கடனாளி வருவார். இவற்றுக்கெல்லாம் இடமளிக்கும் 21ஆம் கட்டளைக்கு நூற்றுக்கு மேற்பட்ட விதிகள். நிறைவேற்றல் மனுப் போடச் சட்டம் தரும் கெடு 12 ஆண்டு. போட்ட மனு முடியக் கெடு இல்லை. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025இல் மீண்டும் சொல்லி, நாடெங்கும் கணக்கெடுக்கவும் செய்தது. தேங்கிக் கிடந்த மனுக்கள் எட்டு லட்சத்துக்கும் மேல்.

ஏழையைக் காக்க எழுதிய ஒவ்வொரு விதிக்குள்ளும் வசதியுள்ளவர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அதற்காக விதிகளை எடுத்துவிட முடியாது. சூபாவின் தீ அதைத்தான் சொல்லிற்று. 'கொடுக்க முடியாதவரா, கொடுக்க மறுப்பவரா' என்ற ஒரே கேள்வியை விரைவாகக் கேட்டு விரைவாக விடை காண்பதே செய்ய வேண்டியது. பாண்டிய நாட்டு வட்டம் விரைவானதுதான், ஆனால் அது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம் நீதிமன்றங்கள் கேட்கின்றன, விடைக்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது.

போலோ கண்ட அரசனால் பணம் கொடுக்க முடியும். அதனால்தான் அது நல்ல கதையாக முடிந்தது. அதே தெருவில், அதே கோட்டுக்குள், ஒன்றுமில்லாத ஒருவரும் என்றாவது நின்றிருப்பார். அவரைப் பற்றி எழுத எந்தப் பயணியும் அன்று அங்கே இருக்கவில்லை.